படமும் பிரேமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணை, ராயக்கோட்டை மலை என்று நம் பக்கத்து இடங்களைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். விற்கலாமா என்றால் வீட்டில் சிரிப்பு. "பஸ்ஸில் போகும்போது ஓசியில் பார்க்கிற மலையை எவன் காசு கொடுத்து வாங்குவான்?" என்கிறார் மாமனார். அவர் சொல்வது சரியா?
*வாசகி, பாலக்கோடு*

பதில்: பாதி சரி அம்மா. மலையடிவாரத்தில் குடியிருப்பவர் வாங்க மாட்டார். தருமபுரியில் என் பிரேம் கடைக்கு ஊர்ப் படம் கேட்டு வருகிறவர்களில் பலர் பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள். அங்கே பிளாட் வாங்கியிருப்பார்கள், ஹாலில் மாட்ட ஒன்று வேண்டும். அப்புறம் புதிதாகக் கிளினிக் திறக்கும் டாக்டர்கள், லாட்ஜ்காரர்கள். "நல்ல படம் இருக்கா?" என்று இவர்கள் கேட்பதில்லை. "எங்க ஊர்ப் பக்கமா எடுத்தது இருக்கா?" என்பார்கள். ராயக்கோட்டை மலை ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக்காரருக்கு ஒரு மாதிரி, கிருஷ்ணகிரி ரோட்டுக்காரருக்கு வேறு மாதிரி. உச்சியில் ஏறி எடுத்ததைப் பார்த்து 'சூப்பர்' என்பார்கள்; கையில் எடுப்பது பஸ் ஸ்டாப்பிலிருந்து எடுத்ததை. அதனால் ஒரே மலையை நாலு பக்கமும் எடுத்து வையுங்கள்.

ஒகேனக்கல் படங்களில் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஷட்டரை ஒரு விநாடி திறந்து வைத்து, தண்ணீரைப் பட்டுத் துணி மாதிரி வழியவிடுகிறார்கள். போட்டிக்கு அனுப்பினால் பரிசு கிடைக்கலாம். இந்தப் பக்கத்து ஆள் பார்த்தால் "இது எந்த ஊருங்க?" என்கிறார். சாரலும் வேகமும் தெரிய வேண்டும் என்றால் ஷட்டரை 1/500 விநாடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். காவிரியில் நீர்வரத்து விநாடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டும் நாட்களில் படத்துக்காகப் போகவே வேண்டாம். பரிசல் ஓடாது, அருவி மூழ்கிவிடும், கண்ணுக்கு எட்டிய வரை செம்மண் தண்ணீர்தான். பத்திரிகைச் செய்திக்கு அது போதும், சுவரில் யாரும் மாட்ட மாட்டார்கள். வெள்ளம் வடிந்து பாறை தெரியத் தொடங்கும்போது போங்கள். பரிசல்காரர் முகம் தெளிவாகத் தெரிகிற படமானால், விற்பதாகச் சொல்லி அவரிடம் சம்மதம் கேட்டுவிடுங்கள்.

பழைய படங்களை அழித்துவிடாதீர்கள். கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பரில் மதகு உடைந்ததே, அதற்கு முன் எடுத்தது இருந்தால் இன்று அதை மறுபடி யாரும் எடுக்க முடியாது. நாலு வழியாவதற்கு முந்தைய ஓசூர் சாலையும் அப்படித்தான். ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் இடம், மாதம், ஆண்டு எழுதுங்கள். மாமனார் முதலில் பின்பக்கத்தைத்தான் படிப்பார், பாருங்கள்.

கேள்வி: என்ன அளவில் பிரிண்ட் போடுவது? விலை எப்படி வைப்பது?
*வாசகர், அரூர்*

பதில்: 12×18 அங்குலத்தில் தொடங்குங்கள். கேமராவில் எடுத்த படத்தின் நீள அகலம் பெரும்பாலும் 3:2 கணக்கில் இருக்கும், ஓரம் வெட்டுப்படாமல் அதில் உட்காரும். 24 மெகாபிக்சல் படம் தாராளமாகத் தாங்கும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்கிய படத்தை மட்டும் லேபுக்குக் கொடுக்காதீர்கள், அது பாதி உயிர் போய்த்தான் வரும்.

தீர்த்தமலை, வத்தல்மலை மாதிரி நீளமாகக் கிடக்கிற மலைக்கு 12×36 பாருங்கள். கல்யாண ஆல்பத்தில் ஒரு விரிப்பு அந்த அளவுதான், ஆல்பம் அடிக்கும் லேபில் சுலபமாகக் கிடைக்கும். கண்ணாடி போடுவதானால் இருட்டான படம் வேண்டாம். சூரியன் மறையும்போது கோட்டை மலை கறுப்பாக நிற்கும் படத்தை எல்லாரும் எடுக்கிறார்கள். டியூப்லைட்டுக்கு எதிரே மாட்டினால் மலைக்குப் பதில் நம் மூஞ்சிதான் தெரியும். அதைப் பளபளப்பில்லாத மேட் பேப்பரிலோ கேன்வாஸிலோ போடுங்கள்.

விலையா? லேப் கூலி, பிரேம் கூலி இரண்டையும் கூட்டி, குறைந்தது அதே அளவு உங்கள் வேலைக்கு வையுங்கள். மலைக்கு ஏறின பெட்ரோலை மறந்துவிட்டு விற்கும் தம்பிகள் அதிகம்.

கேள்வி: நான் எடுத்த அருவிப் படத்தைக் கேட்காமலே ஒரு லாட்ஜ் பேனரில் போட்டிருக்கிறார்கள். "அருவி என்ன உன்னுதா?" என்கிறார்கள்.
*வாசகர், பென்னாகரம்*

பதில்: அருவி உங்களுடையது இல்லை, படம் உங்களுடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எடுத்தவருக்கே முதல் உரிமை. 2012 திருத்தத்துக்குப் பிறகு அது ஆயுள் முழுக்க, அதற்கப்புறம் 60 ஆண்டு. ஒரு விதிவிலக்கு உண்டு: பணம் பேசி 'எங்களுக்கு எடுத்துக் கொடு' என்று வேலை சொல்லியிருந்தால், தனியாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில் உரிமை அவர்களுக்குப் போய்விடும். உங்கள் விஷயம் அப்படியில்லை. கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள், பேனரைத் தேதியோடு படம் எடுங்கள், பிறகு ஒரு பில் போட்டு நேரில் போய்க் கொடுங்கள். வக்கீல் நோட்டீஸ் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.