ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு ஐந்து இரவுகள்: காரா, ரயிலா?

கேள்வி: நானும் கணவரும், ஒன்பது வயது மகன், 67 வயது மாமியார் என நாலு பேர் அக்டோபரில் இத்தாலி போகிறோம். செவ்வாய் காலை ரோமில் இறங்குகிறோம். ஞாயிறு ஃப்ளோரன்ஸிலிருந்து விமானம். மாமியாருக்கு மூட்டுவலி. அவரும் நானும் சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. காரை வாடகைக்கு எடுத்தால் சியனா, பீசா எல்லாம் போகிற வழியிலேயே பார்த்துவிடலாம் என்கிறார் கணவர். ரயிலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி?

பதில்: ரயில்தான். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

முதலில் வரைபடத்தை விரித்துக் கணவரிடம் காட்டுங்கள். பீசா ஃப்ளோரன்ஸுக்கு மேற்கே, கடல் பக்கமாக இருக்கிறது. ரோமிலிருந்து வரும் வழியில் அது இல்லவே இல்லை. சியனாவுக்கும் நெடுஞ்சாலையை விட்டு விலகித்தான் போக வேண்டும். போனாலும் சியனா முழுக்க மேடும் பள்ளமும். மூட்டுவலிக்காரருக்கு அரை நாளில் ஓடிப் பார்க்கிற ஊர் அல்ல.

அடுத்தது, இந்த ஊர்களின் பழைய நகரப் பகுதிக்குள் வெளியாட்களின் கார் நுழையக் கூடாது. 'ஸோனா த்ராஃபிகோ லிமிதாதோ' என்று எழுதி, சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை இருக்கும். காவலர் யாரும் நிற்க மாட்டார். கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி அபராதம். நான் பயணம் திட்டமிட்டுக் கொடுத்த ஒரு குடும்பம், ஹோட்டல் வாசலைத் தேடி ஒரே மாலையில் மூன்று முறை சுற்றியது. ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து மூன்று கடிதங்கள் வந்தன. முகவரியை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்காக வாடகை கார் நிறுவனம் பிடித்த கட்டணம் வேறு. இதோடு சுங்கம், பார்க்கிங், ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடுவதற்கான கூடுதல் தொகை, இந்திய உரிமத்தோடு வைத்திருக்க வேண்டிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். ஃப்ளோரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனி மாநிலத்தின் கிராமப்புறத்திலேயே ஒரு வாரம் தங்குவதானால் நானே காரைத்தான் சொல்லியிருப்பேன்.

அதிவேக ரயிலில் ரோம் டெர்மினியிலிருந்து ஃப்ளோரன்ஸ் சாந்தா மரியா நொவெல்லாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஃப்ரெச்சாரோஸா, இத்தாலோ என்ற இந்த ரயில்களை இரண்டு போட்டி நிறுவனங்கள் ஓட்டுகின்றன. விமானம் மாதிரி, சீக்கிரம் வாங்கினால் மலிவு, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ஆனால் உங்களுக்கு நான் இந்த அதிவேக ரயிலையும் சொல்லப்போவதில்லை. வழியில் ஊர் பார்க்க வேண்டும் என்ற உங்கள் கணவரின் ஆசை நியாயமானது. ஒரே ஓர் ஊர் போதும், அது ஒர்வியேட்டோவாக இருக்கட்டும். ரோமில் இரண்டு இரவு, ஒர்வியேட்டோவில் ஒன்று, ஃப்ளோரன்ஸில் இரண்டு.

ஒர்வியேட்டோ செங்குத்தான எரிமலைப் பாறையின் உச்சியில் இருக்கிறது. ரயில் நிலையம் அடிவாரத்தில். பார்த்தால் பழனி மலை மாதிரி பயமாக இருக்கும். ஆனால் நிலைய வாசலுக்கு எதிரிலேயே பழனியில் இருப்பது போன்ற விஞ்ச் உண்டு. 1888இல் தண்ணீரின் எடையை வைத்து இயங்கத் தொடங்கியது, இப்போது மின்சாரம். பெட்டிகளோடு சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். அங்கிருந்து தேவாலயச் சதுக்கத்துக்குச் சிறிய பேருந்து ஓடுகிறது. மாமியார் ஒரு மேடும் ஏற வேண்டியதில்லை.

விஞ்ச் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே உங்கள் மகனுக்கான இடம் இருக்கிறது: சான் பத்ரீஸியோ கிணறு. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளெமெண்ட் தப்பி இந்த ஊருக்கு வந்தார். முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற கவலையில் அவர் வெட்டச் சொன்னது இது. ஆழம் சுமார் 53 மீட்டர். சுவரைச் சுற்றி இரண்டு சுருள் படிக்கட்டுகள், ஒன்றோடொன்று எங்கேயும் சந்திக்காது. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும்; எதிரும் புதிருமாக முட்டிக்கொள்ளாது. கழுதைக்காகக் கட்டியதால் படிகள் அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருக்கும். இறங்க 248 படி. அடியில் தண்ணீருக்கு மேல் ஒரு சின்னப் பாலம். அதைக் கடந்து அடுத்த படிக்கட்டில் ஏற வேண்டும். பையன் முன்னால் போய் மேலே ஏறும்போது அப்பா இன்னொரு படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தால், நடுச்சுவரின் ஜன்னல்கள் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போகலாம். ஆனால் இறங்குவதும் ஏறுவதும் ஒருவழிப்பாதை என்பதால், அங்கே இருக்கும் ஊழியர் சொல்கிறபடி நடக்கட்டும். மாமியாருக்கு இது வேண்டாம். பக்கத்தில் பழைய கோட்டைக்குள் ஒரு பூங்கா இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்.

மாலையில் தேவாலயத்துக்குப் போங்கள். 1290இல் தொடங்கிய கட்டடம். மேற்கே பார்த்த முகப்பில் தங்கநிறப் பின்னணியில் மொசைக் ஓவியங்கள். சாயங்கால வெயில் படும்போது மினுங்கும். ரோமிலிருந்து பகலில் வந்துபோகும் கூட்டம் அதற்குள் கரைந்திருக்கும். இதற்காகத்தான் ஒரு நாள் சுற்றுலாவாகப் போகாமல் இரவு தங்கச் சொல்கிறேன். கையில் பெட்டியோடு அலைகிற பிரச்சினையும் இல்லை.

ரோமிலிருந்து ஒர்வியேட்டோ ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஃப்ளோரன்ஸ் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. இரண்டுமே சாதாரண வட்டார ரயில்கள்தான். கட்டணம் தூரத்தை வைத்து. கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் அதே விலை. நாலு முதல் பன்னிரண்டு வயதுக்குள் அரை டிக்கெட். காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் செருகி நேர முத்திரை பதியுங்கள். மறந்தால், டிக்கெட் இருந்தும் அபராதம் கட்ட நேரும். கைபேசியில் வாங்கினால் அங்கே 'செக்-இன்' அழுத்த வேண்டும்.

டெர்மினியில் சிக்கல் வருகிற இடம் இன்னொன்று. அறிவிப்புப் பலகையில் ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் பெயர்தான் இருக்கும். ஒர்வியேட்டோ என்று தேடினால் கிடைக்காது. டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணைத் தேடுங்கள். பிளாட்பார எண்ணுக்குப் பக்கத்தில் 'எஸ்த்' என்று போட்டிருந்தால் அது நிலையத்தின் கோடியில் இருக்கிறது. மாமியாரோடு பதினைந்து நிமிடமாவது நடக்க வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரன்ஸைப் பலகையில் 'ஃபிரென்ஸே' என்று போட்டிருக்கும். அந்த ஊரில் பல நிலையங்கள் உண்டு. காம்போ தி மார்த்தேயில் அவசரப்பட்டு இறங்கிவிட வேண்டாம். சக்கர நாற்காலியோ ஏறி இறங்க உதவியோ தேவைப்பட்டால் 'சாலா ப்ளூ' என்ற ரயில்வே சேவை இலவசம். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். புறப்படுவதற்குச் சில நாள் முன்பு 'ஷோபெரோ' (sciopero) என்ற சொல்லை இணையத்தில் தேடிப் பாருங்கள். வேலைநிறுத்தம் என்று பொருள். அந்த நாட்டில் அதை முன்னறிவிப்போடுதான் செய்வார்கள்; வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடியே தீரும்.

ரோமில் உங்களுக்கு ஒன்றரை நாள்தான். அதில் வத்திக்கான் அருங்காட்சியகத்தை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. நெரிசலில் நீண்ட நடைகளைக் கடந்துதான் சிஸ்டைன் சேப்பல் வரும். மாமியாரின் மூட்டும் பையனின் பொறுமையும் தாங்காது. புதன் காலை கொலோசியம். அங்கே லிஃப்ட் உண்டு, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. டிக்கெட்டில் பெயர் அச்சிடுவார்கள்; நாலு பேரின் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். விற்பனை முப்பது நாள் முன்பு தொடங்கும், அன்றே வாங்கிவிடுங்கள். புனித பேதுரு ஆலயத்தை அன்று மாலைக்கு வையுங்கள். புதன் காலையில் போப்பின் பொதுச் சந்திப்பு இருக்கும், ஆலயத்துக்குள் விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். புடவைக்குப் பிரச்சினையே இல்லை.

ஃப்ளோரன்ஸில் சனிக்கிழமை காலை அக்காதெமியா கலைக்கூடம். சிறிய இடம், 5.17 மீட்டர் உயர டேவிட் சிலையின் முன் பையனை நிறுத்தினால் அவனே வாயைத் திறப்பான். உஃபீஸி ஓவியக்கூடத்தில் ஆசை இருந்தால் நீங்களும் கணவரும் மதியம் மாறி மாறிப் போய் வாருங்கள். தேதி மாறினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இரண்டுமே திங்கட்கிழமை விடுமுறை. பெரிய கோவிலின் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது. மாமியார் கீழே நிற்கட்டும். கோவிலுக்குள் நுழைய டிக்கெட் தேவையில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். உணவகச் சமையலறைகள் மதியம் இரண்டரைக்கு மூடினால் இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். ஐந்து மணிக்குப் பிள்ளைக்குப் பசிக்கும்போது துண்டு போட்டு எடைக்கு விற்கும் பீட்சா கடைகள்தான் கை கொடுக்கும். 'சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா உவோவா' என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்: இறைச்சி, மீன், முட்டை இல்லாமல். காய்கறி சூப்பிலும் 'ப்ரோதோ' என்ற இறைச்சிச் சாறு இருக்கலாம், கேட்டுவிடுங்கள். பர்மேசன் சீஸில் பாலைத் திரிய வைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்கிறது; கறாரான சைவமானால் சீஸே இல்லாத மரினாரா பீட்சா நல்லது.

புதிதாகப் பிசையும் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. ஒர்வியேட்டோ பக்கத்து உம்ப்ரிச்செல்லியும் டஸ்கனியின் பீச்சியும் வழக்கமாக மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் உருட்டுவது. முட்டை இல்லையே என்று உறுதிப்படுத்திக்கொண்டு தக்காளி, பூண்டுக் குழம்போடு சொல்லுங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று மாமியார் தள்ளிவைப்பார். அதே ரொட்டியைத் தக்காளியில் ஊறவைத்துச் செய்யும் 'பாப்பா அல் பொமொதோரோ'வை வாங்கிக் கொடுங்கள், ப்ரோதோ இல்லை என்று உறுதிசெய்துகொண்டு. குழைந்த சாதம் மாதிரி இருக்கும், பல்லுக்கும் சிரமமில்லை.

ஞாயிறு காலை டாக்ஸி தேட வேண்டாம். சாந்தா மரியா நொவெல்லா நிலையத்துக்கு அருகிலிருந்து விமான நிலையத்துக்கு டி2 டிராம் போகிறது, அரை மணி நேரத்துக்குள் வாசலில் இறக்கிவிடும். ஹோட்டலை அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் எடுத்தால் வெள்ளிக்கிழமை வந்து இறங்கவும் அதுவே வசதி.