அலாஸ்காவில் மீன் கணக்கெடுப்புக்காகப் பறப்பது: 300 மணி நேர அனுபவமுள்ள விமானிக்கு ஒரு பதில்

கேள்வி: என்னிடம் வணிக விமானி உரிமமும் ஏறக்குறைய 300 மணி நேரப் பறப்பு அனுபவமும் உள்ளன. பெரிய விமான நிறுவனத்தில் சேர்வதைவிட, அலாஸ்காவின் சாலையற்ற பகுதிகளில் மீன்வள உயிரியலாளர்களை ஏற்றிச் செல்லும் புஷ் பைலட்டாக வேலை பார்க்கவே விரும்புகிறேன். நீரில் இறங்கி ஏறும் மிதவை விமானத்துக்கான தகுதியைப் பெற்றுவிட்டால் போதுமா? வேறு எதற்குத் தயாராக வேண்டும்?

பதில்: போதாது. நீங்கள் தாண்ட வேண்டியவற்றில் மிக எளியது மிதவைத் தகுதிதான். ஏற்கெனவே வணிக உரிமம் உள்ளவருக்கு அதற்கென எழுத்துத் தேர்வு கிடையாது; குறைந்தபட்ச மணி நேர நிபந்தனையும் கிடையாது; பயிற்றுநரின் ஒப்புதலுடன் செய்முறைத் தேர்வில் தேறினால் சில நாட்களில் கைக்கு வந்துவிடும். உங்களைத் தடுத்து நிறுத்தப்போவது அந்த 300 என்ற எண். அமெரிக்காவில் வாடகை விமானச் சேவையில், கண்பார்வை விதிகளின்கீழ் (அதாவது கருவிகளை நம்பாமல் வெளியே பார்த்தே) பறக்கும் விமானத்துக்குத் தலைமை விமானியாக இருக்க, மொத்தம் 500 மணி நேரமும், அதற்குள் 100 மணி நேரத் தொலைதூரப் பறப்பும், அதில் 25 மணி நேரம் இரவிலும் இருக்க வேண்டும் என்பது விதி. காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் இதற்கு மேலும் கேட்கும். அதிலும் மிதவையில் எத்தனை மணி, அலாஸ்காவில் எத்தனை மணி என்று பிரித்துக் கேட்கும். ஆகவே மீதி மணி நேரங்களைப் பயிற்றுநராகவோ வேறு வகையிலோ சேர்க்கப் போகிறீர்கள் என்றால், அவற்றை அலாஸ்காவிலேயே சேர்ப்பதுதான் என் முதல் ஆலோசனை. வேறெங்கோ தெளிந்த வானில் சேர்த்த ஆயிரம் மணி நேரத்தைவிட, அந்த மாநிலத்தின் மூடுபனியையும் மலைக் கணவாய்களையும் பார்த்த இருநூறு மணி நேரத்துக்கு அங்கே மதிப்பு அதிகம்.

இனி வேலையைப் பற்றி. மீன் வளம் குறையாமல் தொடர்ந்து கிடைக்கும் அளவில்தான் பயன்படுத்தப்பட வேண்டும் என்பதை அலாஸ்கா தன் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்த, வலைகளில் சிக்காமல், முட்டையிட ஆற்றுக்குள் ஏறிய சால்மன் மீன்கள் எத்தனை என்பது பருவம் முடிந்த பின்னர் அல்ல, பருவம் நடக்கும்போதே தெரிய வேண்டும். அதை வைத்துத்தான் மாநில மீன்வளத் துறையின் வட்டார மேலாளர்கள் மீன்பிடிப்பைத் திறக்கவும் மூடவும் அவசர ஆணை பிறப்பிக்கிறார்கள். பிரிஸ்டல் விரிகுடாவின் க்விசாக் போன்ற தெளிந்த ஆறுகளில் கரையோரக் கோபுரத்தில் ஆள் நின்று, மணிக்குப் பத்து நிமிடம் வீதம் எண்ணுவார்; கலங்கலான நூஷகாக் ஆற்றில் சோனார் என்ற ஒலியலைக் கருவி எண்ணும். ஆனால் கோடியாக் தீவிலும் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற கடற்பகுதியிலும் தென்கிழக்கு அலாஸ்காவிலும் இளஞ்சிவப்பு சால்மன் ஏறும் ஓடைகள் ஏராளம். ஒவ்வொன்றிலும் கோபுரம் கட்ட முடியாது. அங்கே கணக்கு விமான ஜன்னல் வழியாகத்தான் எடுக்கப்படுகிறது.

அந்தக் கணக்கு எடுக்கப்படும் விதத்தைத் தெரிந்துகொண்டால், உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது என்னவென்று புரியும். செஸ்னா 185 போன்ற சிறு விமானத்தில் உயிரியலாளர் வலப்பக்க இருக்கையில், நீரின் பளபளப்பை மட்டுப்படுத்தும் போலராய்டு மூக்குக்கண்ணாடியும் கையில் எண்ணும் கருவியுமாக உட்கார்ந்திருப்பார். நீங்கள் இடப்பக்கம். ஓடை அவர் பக்கத்தில் கீழே ஓட வேண்டும்; ஆகவே அது உங்கள் கண்ணில் பாதி நேரம் படாது, எதிர்க்கரை மரங்களின் உச்சிகள்தான் தெரியும். சூரியன் முதுகுப்புறம் இருந்தால்தான் நீரின் பளபளப்பு குறைந்து, மணலின் மேல் கரும்பட்டையாக நிற்கும் மீன்கூட்டம் துலங்கும். அவர் முதலில் பத்துப் பத்தாகவும், கூட்டம் அடர்ந்ததும் நூறு நூறாகவும் எண்ணுவார். கரையோர ஆல்டர் புதர்களின் நிழலில் பதுங்கியவை எப்படியும் விடுபட்டுப்போகும். விடுபடுவது பெரிய குற்றமில்லை, ஏனெனில் அந்த எண் முழு எண்ணிக்கையல்ல, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதற்கான ஒரு குறியீடு. ஆனால் போன வாரம் ஒரு உயரத்திலும் இந்த வாரம் வேறு உயரத்திலும், ஒருநாள் காலை வெயிலிலும் மறுநாள் மாலை நிழலிலும் பறந்தால், மாறியது மீனா விமானியா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஒரே பாதை, ஒரே உயரம், ஒரே வேகம் என்று சலிப்பூட்டும் அளவுக்கு மாறாமல் பறப்பவரைத்தான் உயிரியலாளர்கள் அடுத்த ஆண்டும் கேட்டு வாங்குகிறார்கள். சாகச ஆர்வத்தோடு வருபவர்கள் இதில்தான் முதலில் ஏமாற்றமடைகிறார்கள்.

இந்த வேலையில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் புயலல்ல, திருப்பம். “அங்கே ஒரு கூட்டம் இருந்தது, இன்னொரு முறை பார்க்கலாமா?” என்று உயிரியலாளர் கேட்டவுடன், தாழ்வாகவும் மெதுவாகவும் பறந்துகொண்டே அந்த இடத்தைக் கண்ணால் விடாமல் விமானத்தைச் சாய்க்கத் தோன்றும். உயரம் குறையாத திருப்பத்தில் 45 பாகை சாய்த்தால், ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கைகள் விமானத்தைத் தாங்காத வேகம்) ஏறக்குறைய 19 சதவீதமும், 60 பாகை சாய்த்தால் 41 சதவீதமும் உயர்ந்துவிடுகிறது. முன்பு தாராளமாக இருந்த வேகம் அந்தக் கணத்தில் போதாததாகிறது, மீள்வதற்குக் கீழே உயரமும் இல்லை. தரையில் நிற்கும் கடமானை (மூஸ்) சுற்றிப் பார்க்கப்போய் இப்படியே விழுந்தவர்கள் உண்டு என்பதால், இதற்கு அங்கே கடமான் திருப்பம் என்றே பெயர். நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: விமானி மீனைப் பார்ப்பதில்லை. மறுபடி பார்க்க வேண்டுமென்றால் ஓடையை விட்டு விலகி, உயரமேறி, அகலமாகத் திரும்பி, புதிதாக வர வேண்டும். அதற்கு ஆகும் சில நிமிடங்களை யாரும் உங்கள் சம்பளத்தில் கழிக்கமாட்டார்கள். குறுகிய பள்ளத்தாக்காக இருந்தால், எங்கே திரும்பி வெளியேறுவது என்று முடிவு செய்யாமல் உள்ளேயே நுழையக் கூடாது. போலராய்டு கண்ணாடியையும் உயிரியலாளருக்கே விட்டுவிடுங்கள். அதை அணிந்தால் உங்கள் முன்னுள்ள திரைகள் சில கோணங்களில் கறுத்துவிடும்.

மிதவைப் பயிற்சியில் எதை மிச்சம் வைத்தாலும், கண்ணாடி போல் அசையாத நீரில் இறங்கும் பயிற்சியை மட்டும் மிச்சம் வைக்காதீர்கள். சிற்றலைகூட இல்லாத ஏரியில், நீர் பத்தடி கீழே இருக்கிறதா நூறடி கீழே இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. கரையை ஒட்டி வந்து, மூக்கின் கோணத்தையும் எஞ்சின் விசையையும் நிலைநிறுத்தி, நிமிடத்துக்கு 150 அடி அளவில் மெல்ல இறங்கிக்கொண்டே, மிதவை நீரைத் தொடும்வரை எதையும் மாற்றாமல் காத்திருக்க வேண்டும். இதற்கு நீளமான ஏரி தேவை. இல்லையென்றால் வேறு ஏரி தேட வேண்டும்.

பறப்பில் பாதி, எண்ணுவதற்காக இருக்காது. ஆற்றின் குறுக்கே தடுப்பு வேலி போட்டு எண்ணும் முகாம்களுக்கு மளிகை, மரப்பலகை, எரிபொருள், மாற்று ஆட்கள் எல்லாம் நீங்கள் கொண்டுபோய் இறக்க வேண்டியவை; எடையைத் தூக்கிப் பார்த்து ஊகிக்காமல் தராசில் வைக்கும் பழக்கம் இங்கே உதவும். உயிர் காக்கும் பொருட்களாக உணவு, கோடரி, நெருப்பு மூட்டும் சாதனம், கொசுவலை முகமூடி ஆகியவற்றோடு தூண்டிலையும் விமானத்தில் வைத்திருக்கச் சொல்லி மாநிலச் சட்டமே நெடுங்காலம் பட்டியலிட்டு வந்தது. பையை விமானத்தின் வாலில் கட்டிவைப்பதைவிட, முக்கியமான சிலவற்றை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது மேல். கவிழ்ந்த மிதவை விமானத்திலிருந்து வெளியே வருவது நீங்கள் மட்டுமாகவும் இருக்கலாம்.

வேலை தருபவர்கள் மூன்று வகை. மாநில மீன்வளத் துறைக்கு விமானத்தையும் விமானியையும் ஒப்பந்தத்தில் தரும் சிறு வாடகை நிறுவனங்களே உங்களைப் போன்றவருக்குப் பொருத்தமான வாசல். கூட்டாட்சி அமைப்புகளின் பணிகளுக்கு விமானியைத் தனித்தனியாகச் சோதித்து அனுமதி அட்டை தருவார்கள். அது பிற்பாடு பார்க்க வேண்டியது. வனவிலங்குக் காவல் படையிலும் விமானிகள் உண்டு, ஆனால் அது முதலில் காவலர் வேலை, பிறகுதான் விமானி வேலை. உங்கள் உரிமம் அமெரிக்காவுக்கு வெளியே பெற்றது என்றால், அதைக் காட்டி அங்கே தனியார் விமானி சான்றிதழ்தான் பெற முடியும். வணிக உரிமத்துக்குரிய தேர்வுகளை அங்கேயே எழுத வேண்டும், வேலை செய்யும் அனுமதியும் தனியாக வேண்டும்.

நேர்காணலில் ஒரு கேள்வியை நீங்களும் கேளுங்கள்: வானிலை பார்த்துப் புறப்படுவதா வேண்டாமா என்பதை இங்கே யார் முடிவு செய்கிறார்கள்? “விமானிதான்” என்ற பதில் யோசிக்காமல் வர வேண்டும். பதில் சுற்றி வளைத்து வந்தால், அந்த ஆண்டு பயிற்றுநராகவே இருந்துவிடுங்கள்.