லைராவும் அவளுடைய டீமனும் திரைக்கு வந்த கதை: கேள்வி பதில்

லைரா என்ற சிறுமியின் கதையைச் சொல்லும், ஆங்கில எழுத்தாளர் ஃபிலிப் புல்மனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' வரிசையின் மூன்று நாவல்களும் 1995, 1997, 2000 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அவை 2003-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் நாடகமாக அரங்கேறின. முதல் நாவல் 2007-இல் 'தி கோல்டன் காம்பஸ்' என்ற திரைப்படமாயிற்று. 2019 முதல் 2022 வரை பிபிசியும் எச்பிஓவும் மூன்று நாவல்களையும் தொலைக்காட்சித் தொடராக வழங்கின. இந்த வடிவங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவுகளை மறைக்காமல் பேச வேண்டியிருப்பதால், இன்னும் வாசிக்காதவர்கள் அதை மனத்தில் கொண்டு தொடருங்கள்.

கேள்வி: அம்மா, நிக்கோல் கிட்மன், டேனியல் கிரெய்க் போன்ற பெரிய நடிகர்கள் இருந்தும் 2007 திரைப்படம் ஏன் முதல் பாகத்தோடு நின்றது? மத அமைப்புகளின் எதிர்ப்புதான் காரணம் என்கிறார்களே?

பதில்: எதிர்ப்பு உண்மையாகவே இருந்தது. அமெரிக்காவில் கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு, படத்தைப் புறக்கணிக்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொண்டது. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏறத்தாழ 18 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் வட அமெரிக்காவில் 7 கோடி டாலர்தான் ஈட்டியது. உலகம் முழுவதும் சேர்த்து 37 கோடிக்கு மேல் வந்தபோதிலும், வெளிநாட்டு உரிமைகளைத் தயாரிப்பு நிறுவனமான நியூ லைன் முன்கூட்டியே விற்றுவிட்டிருந்ததால், அந்த வருவாயின் பெரும்பகுதி அதன் கைக்கு வந்து சேரவில்லை. 2008-இல் அந்த நிறுவனமே வார்னர் பிரதர்ஸுக்குள் கரைந்துவிட்டது.

பணக் கணக்கைவிட என்னை வருத்துவது வேறொன்று. எதிர்ப்புக்கு அஞ்சி, நாவலில் திருச்சபையாக இருக்கும் 'மஜிஸ்டீரியம்' திரைப்படத்தில் ஏதோ ஓர் அதிகார அமைப்பாக மங்கலாக்கப்பட்டது. நாவலில் அந்தத் திருச்சபை 'டஸ்ட்' என்னும் கண்ணுக்குத் தெரியாத துகளை ஆதி பாவத்தின் அடையாளமாகக் கருதி அஞ்சுகிறது. பருவம் அடைவதற்குள் குழந்தையை அதன் டீமனிடமிருந்து, அதாவது விலங்கு வடிவில் உடன் வாழும் அதன் ஆன்மாவிடமிருந்து, வெட்டிப் பிரித்துவிட்டால் பாவம் ஒட்டாது என்று நம்பித்தான் வடக்கில் ஒரு கொடிய ஆய்வுக்கூடம் நடத்தப்படுகிறது. அந்த நம்பிக்கையை நீக்கிவிட்டால் அங்கே எஞ்சுவது காரணம் இல்லாத கொடுமை மட்டுமே. எதிர்த்தவர்களும் இதனால் அமைதியடையவில்லை, நூலை நேசித்தவர்களும் நிறைவடையவில்லை.

கேள்வி: எனக்கு ஒன்பது வயதில் மகள் இருக்கிறாள். திரைப்படத்தில் சிறுவன் ரோஜர் இறக்கும் பகுதியை நீக்கியது குழந்தைகளுக்குச் செய்த நன்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் ஏன் அதைக் குறை சொல்கிறீர்கள்?

பதில்: தாயாக நீங்கள் அப்படி நினைப்பதை நான் மதிக்கிறேன். அந்தப் பகுதியை வாசிக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இருந்தாலும் அந்த மரணம் எதைத் தாங்கி நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கடத்தப்பட்ட நண்பனை மீட்பதற்காக லைரா தொலைதூர வடக்கு வரை போகிறாள். மீட்டும்விடுகிறாள். பிறகு, கேள்விகளுக்கு உண்மையான பதில் காட்டும் அலெத்தியோமீட்டர் என்னும் கருவியைத் தந்தையிடம் சேர்ப்பதாக எண்ணிக்கொண்டு ரோஜரையும் உடன் அழைத்துச் செல்கிறாள். தந்தை அஸ்ரியலுக்குத் தேவைப்பட்டது கருவியன்று, ஒரு குழந்தை. ரோஜரை அவனுடைய டீமனிடமிருந்து பிரிக்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு அவர் வேற்றுலகத்துக்கு வழி திறக்கிறார், ரோஜர் இறந்துபோகிறான். காப்பாற்றப் போனவளே அறியாமல் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டாள் என்ற அந்தக் குற்ற உணர்வுதான், மூன்றாம் நாவலில் லைராவை இறந்தவர்களின் உலகம் வரை நடக்கவைக்கிறது. ரோஜரிடம் மன்னிப்புக் கேட்பதற்காகவே அவள் அங்கே போகிறாள்.

திரைப்படமோ லைராவும் ரோஜரும் பலூனில் நம்பிக்கையோடு பறந்து செல்வதுடன் முடிகிறது. நாவலின் கடைசி அத்தியாயங்கள் படமாக்கப்பட்டிருந்தன. அவற்றின் சில காட்சிகள் முன்னோட்டத்தில்கூட இடம்பெற்றன. அடுத்த படத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்டன. அடுத்த படம் வரவே இல்லை. தொலைக்காட்சித் தொடர் இந்த மரணத்தை முதல் சீசனின் இறுதியிலேயே தயங்காமல் வைத்தது. உங்கள் மகளுக்கு ஒன்பது வயதில் அது கனமாக இருக்கக்கூடும் என்பதால் இரண்டு ஆண்டுகள் பொறுத்திருங்கள். நேரம் வரும்போது நீங்களும் அருகில் அமர்ந்து பாருங்கள்.

கேள்வி: நாவலில் ஒவ்வொரு மனிதனுக்கும் விலங்கு வடிவில் ஒரு டீமன் உண்டு. தொடரில் தெருக் காட்சிகளில் அவற்றைத் தேட வேண்டியிருக்கிறதே, ஏன்?

பதில்: தொடரைப் பற்றி வாசகர்கள் சொன்ன குறைகளில் மிக நியாயமானது இதுதான். டீமன் என்பது மனிதனின் ஆன்மா உடலுக்கு வெளியே நடமாடுவது. சிறுவர்களுடைய டீமன் நினைத்தபோது உருமாறும், வளர்ந்தபின் ஒரே வடிவில் நிலைத்துவிடும். மனிதனும் டீமனும் சில அடிகளுக்கு மேல் விலகினால் தாங்க முடியாத வலி. பிறருடைய டீமனைத் தொடுவது எண்ணிப்பார்க்கவும் கூடாத அத்துமீறல். எழுத்தில் நூறு பேர் கூடிய அரங்கைப் புல்மன் ஒரே வாக்கியத்தில் நிரப்பிவிடலாம், வாசகனே நூறு விலங்குகளைக் கற்பனை செய்துகொள்வான். திரையில் அந்த நூறையும் ஒவ்வொன்றாக கிராஃபிக்ஸில் உருவாக்க வேண்டும்; ரோமத்துக்கும் அசைவுக்கும் தனித்தனியே உழைப்பும் செலவும் ஆகும்.

செலவு புரிகிறது. ஆனால் டீமன் இல்லாத மனிதன் தலை இல்லாத உடலைப் போன்ற அருவருப்பைத் தருகிறான் என்பது அந்த உலகின் அடிப்படை. கூட்டத்தில் பலர் டீமன் இல்லாமலே நடந்து போவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வெட்டிப் பிரிக்கப்பட்ட குழந்தையைக் காட்டும்போது எழ வேண்டிய அதிர்ச்சி பாதியாகிவிடுகிறது.

எண்ணிக்கையில் குறைந்தாலும், நெருங்கிய காட்சிகளில் தொடர் சிறப்பாகவே உழைத்திருக்கிறது. படப்பிடிப்பில் பொம்மலாட்டக் கலைஞர்கள் டீமன்களின் மாதிரி உருவங்களை இயக்கினார்கள். நடிகர்கள் வெற்றிடத்தைப் பார்த்துப் பேசாமல் ஓர் உருவத்தைப் பார்த்துப் பேசினார்கள், பின்னர் ஃப்ரேம்ஸ்டோர் நிறுவனம் அதன் மேல் விலங்கை உருவாக்கியது. லைராவின் தாயான கோல்ட்டர் சீமாட்டியாக நடித்த ரூத் வில்சனுக்கும் அவருடைய பொன்னிறக் குரங்குக்கும் இடையில் நடப்பவற்றைப் பாருங்கள். அந்தக் குரங்கு பேசுவதில்லை. தன் ஆன்மாவையே வெறுக்கும் ஒரு பெண்ணை, பக்கம் பக்கமான வசனத்தைக் காட்டிலும் அந்த மௌனம் நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது. நாடகத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும்: கறுப்பு உடை அணிந்த கலைஞர்கள் கையில் ஏந்திய பொம்மைகளே அங்கே டீமன்கள், பார்வையாளர்களும் அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

கேள்வி: தொடரில் லைரா நாவலில் இருப்பதைவிடப் பெரியவளாகத் தெரிகிறாள் அல்லவா?

பதில்: ஆம். முதல் சீசன் 2018-இல் படமாக்கப்பட்டபோது லைராவாக நடித்த டாஃப்னி கீனுக்குப் பதின்மூன்று வயது, மூன்றாவது சீசனின்போது பதினாறு. நூல்களில் லைரா பன்னிரண்டு வயதையொட்டியே நிற்கிறாள். சிறுவர் வரிசைகளைத் திரைக்குக் கொண்டுவருவோர் எல்லோருக்கும் உள்ள சிக்கல் இது. ஆயினும் மூன்றாம் நாவலின் மையமே குழந்தைமையிலிருந்து வெளியேறுவதும் டீமன் ஒரே வடிவில் நிலைப்பதும் என்பதால், நடிகை வளர்ந்தது அந்தக் கதைக்கு உதவியே செய்தது.

கேள்வி: இரண்டாம் நாவலில்தான் வர வேண்டிய வில் என்ற சிறுவனை முதல் சீசனிலேயே காட்டிவிட்டார்கள். இது நூலுக்குச் செய்த துரோகம் இல்லையா?

பதில்: துரோகம் என்று சொல்ல மாட்டேன், இழப்பு என்று சொல்வேன். முதல் நாவலை முடித்து இரண்டாவதைத் திறக்கும் வாசகர், லைராவைத் தேடிக்கொண்டு போனால், டீமன் இல்லாத சிறுவன் ஒருவன் நம்முடைய இங்கிலாந்தில், நோயுற்ற தாயுடன் நிற்பதைக் காண்கிறார். காலடியில் தரை விலகுவதைப் போன்ற அந்த அனுபவத்தைத் தொடர் விட்டுக்கொடுத்தது.

திரைக்கதையாசிரியர் ஜாக் தார்ன் பெற்றதும் உண்டு. நாவல் பெரும்பாலும் லைராவின் தோளுக்குப் பின்னால் நின்றே உலகைப் பார்க்கிறது. எட்டு எபிசோடுகள் முழுவதும் ஒரே சிறுமியைப் பின்தொடர்வது கடினம். பெரியவர்களின் சூழ்ச்சிகளையும் வில்லின் வீட்டையும் இணையாகக் காட்டியதால், இரண்டாம் சீசனில் இருவரும் சந்திக்கும்போது வில்லின் துயரம் நமக்கு முன்பே பழகியிருக்கிறது. நூலின் வரிசைதான் எனக்குப் பிடித்தது என்றாலும், அந்த மாற்றத்தில் சிந்தனை இருக்கிறது.

கேள்வி: அலெத்தியோமீட்டரை வாசிக்கும் காட்சிகளில் எது சிறந்தது?

பதில்: முப்பத்தாறு குறியீடுகள், லைரா தானே திருப்பி வைக்கும் மூன்று முட்கள், தானாக அலையும் நான்காவது முள். இதை வாசிப்பது முழுக்க மனத்துக்குள் நிகழ்வது. திரைப்படம் அதைப் பொன் துகள் சுழன்று விரியும் காட்சிகளாக மாற்றியது; கண்ணுக்கு அழகு, ஆனால் சிறுமியின் கவனம் காணாமல் போயிற்று. தொடர் பெரும்பாலும் அவள் முகத்தையே நம்பியது. நான் தொடரின் பக்கம்.

கேள்வி: நான் திரைக்கதை எழுதப் பயில்கிறேன். ஒரு நூலில் எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று எப்படி அறிவது?

பதில்: ஓர் இடத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். முதல் நாவலில் டோனி மகாரியோஸ் என்ற ஏழைச் சிறுவன் வருகிறான். குடியால் நினைவு மங்கிய அவனுடைய தாய்க்கு அவன் வயதுகூடச் சரியாகத் தெரியாது. அவன் கடத்தப்பட்டு, 'ராட்டர்' என்ற டீமனிடமிருந்து வெட்டப்படுகிறான். லைரா அவனைக் கண்டெடுக்கும்போது, டீமனுக்குப் பதிலாக ஒரு கருவாட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருக்கிறான். திரைப்படமும் தொடரும் இவனை, அன்பான குடும்பம் உள்ள பில்லி கோஸ்டா என்ற சிறுவனோடு இணைத்துவிட்டன. திரைப்படத்தில் அவன் பிழைத்துத் தாயிடம் சேர்கிறான். தொடரில் தாயின் அருகில் இறக்கிறான். பாத்திரங்களைக் குறைப்பது திரைக்கதையில் இயல்பான வேலைதான், தொடரின் காட்சி என்னை அழவும் வைத்தது. ஆனால் டோனிக்கு அழ யாருமே இல்லை என்பதுதான் நாவலின் காட்சி.

அவன் இறந்தபின், பெரியவர்கள் அந்தக் கருவாட்டை நாய்களுக்குப் போட்டுவிடுகிறார்கள். லைரா ஆத்திரத்தில் துடிக்கிறாள். கதையின் தொடக்கத்தில் அவள், தான் வளர்ந்த கல்லூரியின் நிலவறையில் இறந்த அறிஞர்களின் மண்டையோடுகளில் வைத்திருந்த, அவரவர் டீமனைக் குறிக்கும் நாணயங்களை விளையாட்டாக மாற்றி வைத்தவள். படிக்கும்போது வெறும் குறும்பாகத் தெரியும் அந்தப் பக்கத்தை எந்தத் திரைக்கதையாசிரியரும் முதலில் வெட்டத் துணிவார். அதே லைராதான் இப்போது ஒரு பொற்காசில் கத்தியால் 'ராட்டர்' என்று கீறி, அறிஞர்களுக்குச் செய்யும் அந்த மரியாதையை யாருமற்ற சிறுவனுக்குச் செய்கிறாள். காசை அவன் வாயில் வைக்கிறாள்.