எண்ணெய்க்காகப் பிரான்சும் அமெரிக்காவும் போட்டி போட்டபோது ஆப்பிரிக்க நாடுகள் இருவரிடமும் பேரம் பேசி லாபம் பார்த்திருக்கலாமே?

நீங்கள் அநேகமாகப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள். வாங்க இரண்டு பேர் வந்தால் விற்பவனுக்குத்தானே லாபம் என்ற கணக்கு காகிதத்தில் சரிதான். ஆனால் விற்பவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தால் பேரம் வேறு மாதிரிப் போகும். நான் பார்த்த ஊரை வைத்துச் சொல்கிறேன்.

காங்கோ குடியரசின் எண்ணெய் நகரமான புவான்ட் நுவாரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பல வருடம் கணக்கு எழுதினேன். கின்ஷாசா இருக்கும் பெரிய காங்கோ இல்லை இது. காங்கோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், பிராசாவில்லைத் தலைநகராகக் கொண்ட, பிரான்ஸ் ஆண்ட காங்கோ. எங்கள் கிடங்கைப் பார்த்துக்கொண்ட பெரியவர் முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். மதியம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அவர் சொன்ன கதைதான் உங்களுக்கான பதில்.

1992 தேர்தலில் பாஸ்கல் லிசூபா ஜனாதிபதியானார். கஜானா காலி. பெரியவர் போன்ற அரசு ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி. எண்ணெய்த் தொழிலில் அப்போது பெரிய கை பிரான்சின் எல்ஃப் நிறுவனம். அதனிடம் முன்பணம் கேட்டார், கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஆக்சிடென்டல் பெட்ரோலியம் பக்கம் திரும்பினார். 1993 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால், 15 கோடி டாலர் வந்தது. பதிலுக்கு, அரசுக்கு வரவேண்டிய வருங்கால எண்ணெய்ப் பங்கை எழுதிக் கொடுத்தார். பெரியவருக்குப் பாக்கியில் கொஞ்சம் கிடைத்தது. பாரிஸ் கொதித்தது. அப்புறம் அந்த ஒப்பந்தமும் நிலைக்கவில்லை.

1994 ஜனவரியில், பிரெஞ்சு ஃபிராங்கோடு கட்டிவைத்திருந்த காங்கோ நாணயமான செஃபா ஃபிராங்கின் மதிப்பைப் பாதியாக்கினார்கள். அதுவரை ஒரு பிரெஞ்சு ஃபிராங்குக்கு 50 செஃபா, அன்றிலிருந்து 100. மருந்து, அரிசி என்று கப்பலில் வந்ததெல்லாம் விலை ஏறிவிட்டது. வந்த பாக்கிப் பணம் மனைவியின் மருந்துக்கே போதவில்லை என்று அவர் சொல்லும்போது குரல் மாறிவிடும்.

பிரான்ஸ் மேல் வெறுப்பில் எழுதுகிறேன் என்று யாராவது கிளம்புவீர்கள். இல்லை. ஆக்சிடென்டலும் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை. லிசூபாவும் உத்தமர் இல்லை. இவருக்கு முன்னால் ஜனாதிபதியாக இருந்த சஸ்ஸூ ங்கெஸ்ஸோவுக்கு கோப்ரா என்ற சொந்தப் படை என்றால் இவருக்கும் ஆயுதக் கும்பல் இருந்தது. 1997 ஜூனில் தொடங்கிய சண்டை பிராசாவில்லைச் சுடுகாடாக்கியது. அக்டோபரில் அங்கோலா ராணுவத்தின் உதவியோடு சஸ்ஸூ ஆட்சியைப் பிடித்தார். எல்ஃப் அவருக்குத் துணைபோனது என்று லிசூபா குற்றம் சாட்டினார். கடைசியில் நடந்ததைப் பாருங்கள்: 2001 இல் லிசூபா இல்லாமலே வழக்கு நடத்தி 30 வருடக் கடுங்காவல் விதித்தார்கள், அதுவும் இந்த ஆக்சிடென்டல் ஒப்பந்தத்துக்காக. நீங்கள் சொல்லும் பேரத்தைப் பேசிப் பார்த்தவருக்குக் கிடைத்த பட்டம் தேசத்துரோகி.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்கிறாயே என்பவர்களுக்கு: எங்கள் முதலாளி நம் நாட்டுக்காரர்தான். போய் இறங்கியதும் "பத்திரமாக இருக்கட்டும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வர அதைக் கேட்டுக் கேட்டு, கல்யாணம் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் அந்த ஊருக்கு வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

புவான்ட் நுவாரில் கடலைப் பார்த்து நின்றால் எண்ணெய் ஏற்றக் காத்திருக்கும் கப்பல் தெரியும். ஊருக்குள்ளேயே சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அதே ஊரில் பெட்ரோல் பங்கில் நீல டாக்ஸிகள் தெரு முனை தாண்டி நிற்கும். டிரைவர்கள் இறங்கி வண்டியைக் கையால் தள்ளி நகர்த்துவார்கள், இருக்கிற சொட்டு பெட்ரோலை வீணாக்க வேண்டாமே என்று. பக்கத்தில் மஞ்சள் கேனோடு பெண்கள். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன், கோபம் கோபமாக வரும்.

தேர்வுக்கு எழுதுவதாக இருந்தால் 2003 நவம்பரில் பாரிஸ் நீதிமன்றம் எல்ஃபின் முன்னாள் தலைவர் லோயிக் ல ஃப்ளோக் பிரிஜான், ஆப்பிரிக்கப் பொறுப்பிலிருந்த ஆந்த்ரே தராலோ ஆகியோருக்குத் தண்டனை கொடுத்ததையும் சேர்த்துப் படியுங்கள். கம்பெனிப் பணம் எந்த வழியில் யார் பைக்குப் போனது என்பது அந்த வழக்கில்தான் வெளியே வந்தது.