பீட் போஸ்டில்த்வெய்ட் ஏன் இவ்வளவு பெரிய நடிகராகப் பேசப்படுகிறார்? அவர் அதிகம் நாயகனாக நடித்ததே இல்லையே?

நாயகனுக்கான முகவெட்டு அவருக்கு இல்லை. துருத்திய கன்ன எலும்பு, அமுங்கிய மூக்கு. ஆனால் அந்த முகம்தான் அவருக்குச் சோறு போட்டது. 1946இல் இங்கிலாந்தின் வாரிங்டனில் பிறந்தவர். ஆசிரியராக இருந்துவிட்டு நடிப்புப் பள்ளிக்குப் போனார். அப்புறம் லிவர்பூல் எவ்ரிமேன் நாடக அரங்கம்.

1993இல் வந்த 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்' படத்தில், செய்யாத குற்றத்துக்காக மகனோடு சிறையில் வாடும் தந்தை ஜூசெப்பே கான்லனாக நடித்தார். கத்தல் இல்லை, கதறல் இல்லை. ஆஸ்கர் பரிந்துரை வந்தது, விருது வரவில்லை.

அதே ஆள் 'ஷார்ப்' தொலைக்காட்சித் தொடரில் ஹேக்ஸ்வில் என்ற கொடூர சார்ஜென்ட். தொப்பிக்குள் அம்மாவின் படத்தை வைத்துக்கொண்டு அதோடு பேசுவார், பார்க்கவே குமட்டும். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், உங்கள் கேள்விக்கு அதுவே பதில்.

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் 1996இல் வந்த 'பிராஸ்ட் ஆஃப்'. சுரங்கம் மூடப்பட்ட ஊரின் பேண்ட் வாத்தியக் குழுத் தலைவர். ஜெயித்த கோப்பையை மேடையிலேயே மறுத்துப் பேசும் காட்சிக்காகவே பார்க்கலாம்.

உலகின் சிறந்த நடிகர் என்று ஸ்பீல்பெர்க் பாராட்டினார். "பீட் தன்னை அப்படி நினைத்துக்கொள்கிறார் என்றுதான் ஸ்பீல்பெர்க் சொல்லியிருப்பார்" என்கிற பாணியில் பீட் சிரித்துத் தள்ளிவிட்டார். 2011 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுகூட 'இன்செப்ஷன்', 'த டவுன்' என்று நடித்துக்கொண்டுதான் இருந்தார்.