வெறும் தாள் முன்னால் உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றவில்லையே!

கேள்வி: மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் நீர்வண்ணத்தில் வரைகிறேன். இணையத்தில் கிடைக்கும் படத்தைப் பார்த்து வரைந்தால் நன்றாக வருகிறது. சொந்தமாக வரையலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றுவதில்லை. ஓவியர்களுக்கு மட்டும் எங்கிருந்து தோன்றுகிறது? சிங்கப்பூரில் எங்கே பார்த்தாலும் அடுக்குமாடிதானே! – ஈசூன் வாசகி

பதில்: உங்கள் கை பழகிவிட்டது. கண்ணுக்குத்தான் இன்னும் வேலை கொடுக்கவில்லை. எதை வரைவது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் அந்தப் படத்தை எடுத்தவரே முடிவு செய்துவிட்டார். பழகுவதற்கு அப்படி வரைவதில் தப்பே இல்லை. ஆனால் வெறும் தாள் முன்னால் உட்கார்ந்து யோசிப்பதை விட்டுவிடுங்கள். எனக்கும் அங்கே எதுவும் தோன்றியதில்லை.

போன மாதம் ஒரு காலையில் தேக்காவில், பஃபலோ ரோட்டுப் பூக்கடை முன்னால் நின்றேன். சிவப்புக் கூடையில் மல்லிகை மொட்டு. வெள்ளை என்றுதான் எழுத வந்தது. உற்றுப் பார்த்தால், காம்புப் பக்கம் இளம்பச்சை. அடியில் கிடந்த மொட்டுகளில் கூடையின் சிவப்பு லேசாக ஏறியிருந்தது. நிழலில் இருந்தவை சாம்பல் கலந்த நீலம். வெள்ளையாக இருந்தவை வெயில் பட்ட நாலைந்து மொட்டுகள்தான்! பென்சிலால் ஐந்து நிமிடம் கிறுக்கி, எந்த இடத்தில் என்ன நிறம் என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஆறு தடவை வரைந்தேன். நாலாவது தடவைதான் பிடிபட்டது: நிழலை மட்டும் தீட்டித் தாளைச் சும்மா விட்டால் பூ தானாக வெளியே வருகிறது.

நம்மூர் ஓவியர் லியு காங், நண்பர்கள் மூவரோடு 1952ல் பாலித் தீவுக்குப் போய் நிறைய கோட்டுப்படம் போட்டுக்கொண்டு வந்தார். கூடப் போன சென் வென் சி ஒரு பாலிப் பெண்ணை வரைந்துகொண்டிருக்கும் காட்சியை அவர் ஓவியமாக்கியது 1954ல். உருவங்களைச் சுற்றி, மெழுகால் கோடு போட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியில் வருவதுபோல வெள்ளைக் கோடுகள். இரண்டு வருடம் மனதில் ஊறிய படம் அது. பாலிக்கெல்லாம் போக வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. ஜோர்ஜெட் சென் பாரிஸில் ஓவியம் படித்தவர். சிங்கப்பூருக்கு வந்து, சந்தையில் கிடைக்கும் ரம்புத்தானையும் மங்குஸ்தானையும் ஆசை ஆசையாக வரைந்தார்.

சரி, அடுத்த சனிக்கிழமை வண்ணப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு, சின்ன நோட்டும் பென்சிலுமாகக் கீழே இறங்குங்கள். எதிர் புளோக்கில் மூங்கில் கழியில் காயும் துணி போதும். ஒரு மாதம் அதையே பாருங்கள், வேறு எதற்கும் தாவாதீர்கள். காலையில் ஒரு தடவை, மழை வரும்போல இருட்டும்போது ஒரு தடவை. அப்புறம் வண்ணத்தில் வரையும்போது ஏர்கோனை நிறுத்திவிடுங்கள். நம் ஈரக்காற்றில் வண்ணம் மெதுவாகக் காயும், ஓரங்களை இளக்க நேரம் கிடைக்கும்.

முதல் வாரக் கிறுக்கலைப் பார்த்து வெறுத்துப்போய்க் கிழித்துவிடாதீர்கள். தேதி போட்டு எடுத்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அது உங்களுக்குத் தேவைப்படலாம்.