விசாரணை ஆணையங்களை ஒழித்துவிடலாமா?

அன்புள்ள ஐயா,

விசாரணை ஆணையங்கள் தேவை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் கழிப்பறைக்குக் கதவு கிடையாது. கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். ஓய்வுபெற்ற நீதிபதிக்கு அலுவலகம், கார், பணியாளர்கள் கொடுக்க மட்டும் எங்கிருந்து நிதி வருகிறது? ஆணையங்களையே ஒழித்துவிட்டால் என்ன?

வாசகர், திருவாரூர்

அன்புள்ள நண்பருக்கு,

கதவில்லாத கழிப்பறைக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. ஆனால் ஆணையத்தை ஒழித்தால் அந்தப் பணம் பள்ளிக்கு வரும் என்று நம்புகிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

பாபர் மசூதி இடிப்பை விசாரித்த லிபரான் ஆணையத்துக்கு 1992 டிசம்பரில் கொடுத்த கெடு 3 மாதம். 48 முறை நீட்டித்து, 2009 ஜூனில் அறிக்கை வந்தது. செலவு சுமார் 8 கோடி ரூபாய். ஆண்டுக்கு அரைக் கோடிகூட இல்லை. மத்திய அரசுக்கு இது சில்லறை. போனது காலம். ஜெயலலிதா மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையத்துக்கும் 2017இல் 3 மாதம்தான். முடிந்தது 2022 ஆகஸ்டில். நடுவே உச்ச நீதிமன்றத் தடையால் விசாரணை ஆண்டுக்கணக்கில் நின்றது. நீட்டிப்பு ஆணைகள் மட்டும் நிற்கவில்லை.

சிக்கனமான விசாரணைக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெரி நகரில் ஊர்வலத்தினர்மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள். தலைமை நீதிபதி விட்ஜெரி ஏப்ரலுக்குள் விசாரித்து முடித்துவிட்டார். ராணுவத்தின் பக்கம் சாய்ந்த அந்த அறிக்கையை இறந்தவர்களின் குடும்பங்கள் கடைசிவரை ஏற்கவில்லை. 1998இல் சாவில் (Saville) பிரபு என்ற நீதிபதியின் தலைமையில் விசாரணையை மறுபடி தொடங்கி, 2010இல் முடித்தபோது செலவு 19 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. அதில் ஏறக்குறைய பாதி வழக்கறிஞர்களுக்கே போனது. சுடப்பட்டவர்களால் யாருக்கும் ஆபத்து இருக்கவில்லை என்று அப்போதுதான் எழுத்தில் வந்தது. பிரதமர் கேமரூன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். முதல் விசாரணை நேர்மையாக நடந்திருந்தால் அந்த 19 கோடிக்கு வேலையே இல்லை.

இதற்கிடையில், 2005இல் பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றியது. தேவையற்ற செலவைத் தவிர்ப்பது விசாரணைத் தலைவரின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. அப்படியும் அங்கே கொரோனா விசாரணையின் செலவு 10 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. ஆகவே சட்டத்தில் ஒரு வரி போதாது. எதை விசாரிக்க வேண்டும் என்ற வரம்பு குறுகலாக இருக்க வேண்டும். நீட்டிப்புக் கேட்கும்போதெல்லாம் அதுவரையான கணக்கைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அறிக்கை வந்த 6 மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கையோடு சேர்த்து அவையில் வைக்க வேண்டும் என்று நம்முடைய 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டமே சொல்கிறது. அதையாவது ஒழுங்காகச் செய்யலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போடும் எண்ணம் இருந்தால் ஒன்று: மொத்தச் செலவை மட்டும் கேட்காதீர்கள். வாடகை, ஊதியம், வழக்கறிஞர் கட்டணம் என்று மாதவாரியாகக் கேளுங்கள். அந்தந்த மாதம் எத்தனை நாள் அமர்வு நடந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.